'எனக்கு' என்பதிலிருந்து 'நான்' வரை

'நான் யார்?' என்ற சிறுநூல் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1901-02 வாக்கில், தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தின் வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை அலுவல் காரணமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். கல்லூரியில் தத்துவம் படித்தவர். அங்கே அருணாசல மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த ரமண மகரிஷிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிள்ளை அவரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் அந்நாளில் பேசுவதில்லை. அது விரதமன்று, பேச்சில் நாட்டம் எழவில்லை, அவ்வளவுதான். சைகையாலும் எழுதிக்காட்டியும் அவர் தந்த விடைகளைப் பிள்ளை குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் இருபது ஆண்டுகளுக்குமேல் அவரிடமே கிடந்தன. 1923இல்தான், தாம் இயற்றிய பாடல்களோடு சேர்த்து அவற்றை அச்சிட்டார். பின்வந்த பதிப்புகளில் கேள்விகளின் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் வருகிறது. கேள்விகளை எடுத்துவிட்டு, விடைகளின் வரிசையை மாற்றி, தொடர்ச்சியான கட்டுரையாக ரமணரே ஒரு வடிவத்தை எழுதித் தந்தார். அவருடைய உரைநடைப் படைப்புகளில் இன்று அதிகம் படிக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பதிப்பு வரலாற்றில் ஒரு சிறு விவரம் உண்டு. நூலின் முதன்மையான கேள்விக்கு இன்று நாம் காணும் விடை ஒரு நீண்ட பட்டியலோடு தொடங்குகிறது. ஏழு தாதுக்களாலான உடம்பு, அறிபுலன்கள் ஐந்து, செயற்கருவிகள் ஐந்து, வாயுக்கள் ஐந்து, நினைக்கும் மனம், எல்லாம் ஓய்ந்து வாசனை மட்டும் மிஞ்சியிருக்கும் அறியாமை என ஒவ்வொன்றையும் எடுத்து, இது நான் அல்ல என்று விலக்கிக்கொண்டே போய், விலக்க முடியாமல் எஞ்சி நிற்கும் அறிவே நான் என்று முடிகிறது. இந்தப் பட்டியலை ரமணர் தரவில்லை என்பது அவருடைய அடியார் வட்டத்தில் பாதுகாக்கப்பட்ட செய்தி. சாது ஓம் அதை எழுதியும் வைத்திருக்கிறார். நான் யார் என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விடை 'அறிவு' என்பதைத் தாண்டவில்லை. வேதாந்த நூல்களில் பழகிய பிள்ளைதான், விளக்கமாக இருக்கட்டும் என்று விலக்கும் பகுதியைச் சேர்த்தார். ரமணர் அதைப் பார்த்தபோது, தாம் இவ்வளவு சொல்லவில்லை என்று குறிப்பிட்டாலும் நீக்கச் சொல்லவில்லை. தம் கட்டுரை வடிவத்திலும் அதை இருக்கவிட்டார். தாம் உண்மையில் சொன்ன சொற்கள் மட்டும் தடித்த எழுத்தில் வரும்படி ஆயிற்று.

இதை வெறும் பாடபேதமாக ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. எண்ணங்களுக்கு அப்பாலுள்ள அறிவே ஒருவனின் உண்மைத் தன்மை என்ற கூற்று இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அது பரவியிருக்கும் வடிவம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, உடல் நானல்ல, மனம் நானல்ல, தூய விழிப்பே நான் என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொள்வது. மற்றொன்று, எண்ணங்கள் வருவதையும் போவதையும் கரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பது. இரண்டுக்கும் ரமணரைச் சான்று காட்டுகிறார்கள். அவருடைய எழுத்துகளை ஊன்றிப் படித்தால் இரண்டுமே அவர் சொன்ன ஆன்ம விசாரம் அல்ல என்று தெரிகிறது. முதலாவது எண்ணத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இரண்டாவது, எண்ணங்களை விட்டுவிட்டு, எண்ணங்களுக்கு உடையவனை நாற்காலி போட்டு உட்காரவைக்கிறது. அவர் கேட்டதோ அந்த உடையவனைப் பற்றிய கேள்வி.

முதலாவதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடியாரான முருகனார் அருகிருந்து தூண்ட, 1928இல் ரமணர் இயற்றிய 'உள்ளது நாற்பது' இருக்கிறது. அது பிறர் குறித்துவைத்த உரையாடல் அன்று, அவரே யாப்பில் அமைத்தது. அதன் இருபத்தொன்பதாம் பாட்டு, 'நான்' என்ற சொல்லை வாயால் உச்சரிக்காமல், அந்த உணர்வு உள்ளே எங்கிருந்து எழுகிறது என்று ஆழ்ந்து நாடுவதை ஞானநெறியாகச் சொல்கிறது. இது நானன்று, அதுவே நான் என்று எண்ணுவது அதற்குத் துணை, அதுவே விசாரம் ஆகிவிடாது என்று வேறுபடுத்தவும் செய்கிறது. முப்பத்திரண்டாம் பாட்டு, தன்னை நாடி நிற்காமல் தான் அதுவென்று எண்ணிக்கொண்டிருப்பதற்கு உறுதிக்குறைவே காரணம் என்கிறது. முப்பத்தாறாம் பாட்டு இதே கருத்தை இன்னொரு பக்கத்திலிருந்து தொடுகிறது. உடம்பே நாம் என்ற மயக்கம் இருக்கும்வரை, இல்லை நாம் பரம் என்று நினைப்பது நல்ல துணைதான். ஆனால் மனிதனாக இருக்கிறவன் தான் மனிதன் என்று ஓயாமல் எண்ணிக்கொண்டா இருக்கிறான்? ஒரே சிறுநூலில் மூன்று இடங்களில் ஒருவர் ஒரு வேறுபாட்டை வலியுறுத்துகிறார் என்றால் அதைப் போகிறபோக்கில் சொன்னதாகக் கொள்ள முடியாது. பிள்ளை சேர்த்த பட்டியலை ஏன் நீக்கவில்லை, ஏன் தம் சொற்களை மட்டும் தனித்துக் காட்ட இடமளித்தார் என்ற இரண்டுக்கும் இந்தப் பாட்டுகளிலேயே விடை இருக்கிறது. பட்டியல் துணை, துணையை யாரும் தூக்கி எறிவதில்லை, அதையே பயணம் என்று எண்ணவும் மாட்டார்கள்.

'அறிவு' என்ற சொல்லைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். இன்றைய தமிழில் அறிவு என்றால் படிப்பு, புத்திக்கூர்மை, தகவல். அறிவாளி, அறிவியல், பொது அறிவு எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆகவே 'நான் யார்?' நூலின் விடையை முதன்முதலாகப் படிக்கும் இளைஞர், நான் என்பது என் புத்தி என்று ரமணர் சொல்வதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அவர் சொன்னது அதற்கு நேர்மாறு. புத்தியும் நினைவு வகைதான், மற்ற நினைவுகளைப்போல அதுவும் அறியப்படுவது. அவர் அறிவு என்றது ஒன்றைப் பற்றிய அறிவை அன்று. எதைப் பற்றியும் இல்லாதபோதும் இருக்கிறேன் என்று விளங்கும் உணர்வை. தத்துவத் தமிழில் இந்தப் பொருள் பழையது. சைவ நூல்கள் உயிரைச் சித்து என்றும் அறிவு என்றும் சொல்லும்போது இந்தப் பொருளில்தான் சொல்கின்றன. பேச்சுத் தமிழ் அதை இழந்துவிட்டது. 'விழிப்புணர்வு' என்று இப்போது எழுதுகிறார்கள். சாலைப் பாதுகாப்புக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தும் காலத்தில் அதுவும் பெரிதாக உதவவில்லை.

இனி, அவர் சொன்ன விசாரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நூலின் இதயம் பட்டியலில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது. எண்ணங்கள் எழும்போது அவற்றைத் தொடர்ந்து போகாமல், இவை யாருக்கு எழுந்தன என்று கேட்கச் சொல்கிறார். எனக்கு என்பது விடை. அந்த 'நான்' யார் என்று திரும்பினால் மனம் தன் பிறப்பிடத்துக்கு மீள்கிறது, எழுந்த எண்ணமும் அடங்குகிறது. இந்த நடைமுறையின் இலக்கண வடிவத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணுகிறவன் யார் என்று அவர் கேட்கவில்லை. யாருக்கு என்று கேட்கிறார். தமிழில் பசி நான் செய்யும் செயல் அன்று, எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தெரிகிறது, எனக்குத் தோன்றுகிறது, எனக்கு நினைவு வந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது. அறிதலையும் உணர்தலையும் சொல்லும் பல தொடர்களில் தமிழ் 'நான்' என்பதை எழுவாயாக நிறுத்துவதில்லை, நான்காம் வேற்றுமையில் நிறுத்துகிறது. வந்தது நினைவு, நான் அது வந்தடைந்த இடம். 'நான் நினைக்கிறேன்' என்றும் தமிழில் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனாலும் எண்ணம் கேட்காமலே வந்து நிற்கும் அனுபவத்தைச் சொல்லவேண்டி வரும்போது நாக்கு தானாக 'எனக்கு' என்கிறது. அந்த இயல்பான பேச்சைப் பிடித்துக்கொண்டே ரமணரின் கேள்வி உள்ளே இறங்குகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். நம் இலக்கணத்தில் எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது. 'நான்' உருபேற்கும்போது தன் வடிவத்தை வைத்துக்கொள்ள முடிவதில்லை. என்னை, என்னால், எனக்கு, என்னிடம், என் என்று ஒவ்வொரு உறவிலும் அது திரிகிறது. எதனோடும் உறவு குறிக்கப்படாத இடத்தில் மட்டும் அது 'நான்' என்று நிற்கிறது. ரமணரின் விசாரம் 'எனக்கு' என்பதிலிருந்து 'நான்' என்பதற்குப் போவது, அதாவது எண்ணத்தோடு உறவு கொண்ட வடிவத்திலிருந்து உறவு களைந்த வடிவத்துக்கு. இலக்கணத்திலிருந்து மெய்யியல் பிறந்துவிடாது என்பதை நான் அறிவேன். ஒரு மொழியின் வேற்றுமை உருபுகள் உலகின் இயல்பை நிறுவிவிட்டால் தத்துவ விவாதங்களே வேண்டியிருக்காது. என்றாலும் இந்தச் சிந்தனை இந்த மொழியில் இவ்வளவு சிக்கனமாக வெளிப்பட்டதற்கும், எண்ணுகிறவனையே எழுவாயாக்கிப் பழகிய மொழிகளுக்குப் போனதும் அது 'எண்ணங்களைக் கவனி' என்று உருமாறியதற்கும் ஒரு தொடர்பு இருக்க வேண்டும். ரமணரே இலக்கணச் சொற்களைத் தத்துவத்துக்கு எடுத்தாண்டவர்தான். 'உள்ளது நாற்பது' பதினான்காம் பாட்டில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்று இடங்களும் வருகின்றன. தன்மை இருந்தால்தான் முன்னிலையும் படர்க்கையும் இருக்கும். அந்தத் தன்மையின் உண்மையை ஆராய்ந்தால் அது மறைந்து, மற்ற இரண்டும் ஓய்ந்து, ஒன்றாக ஒளிர்வதே ஒருவரின் உண்மை நிலை என்கிறார். தன்மை என்ற சொல் தன்மை இடத்தையும் ஒன்றின் இயல்பையும் ஒருசேரக் குறிப்பது தமிழின் வரம். மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவதும் அதுதான்.

இரண்டாவது வடிவமாகிய சாட்சிநிலையின் குறை இப்போது தெளிவாகும். பார்த்துக்கொண்டிருப்பவன் படர்க்கைகளை மட்டும்தான் பார்க்கிறான். கோபம் வருகிறது, போகிறது. கவலை வருகிறது, போகிறது. கவனிப்பவன் என்ற இருக்கையோ அசையாமல் இருக்கிறது. 'நான் யார்?' நூல் மனம் என்று தனியாக ஒரு பொருள் இல்லை, நினைவுகளின் குவியலே அது என்கிறது. அந்த நினைவுகளுக்குள் முதலாவது, மற்றவை எல்லாம் தொற்றிக்கொள்ளும் கொம்பு, 'நான்' என்னும் நினைவு. அப்படியென்றால் கரையில் உட்கார்ந்திருப்பவனும் ஆற்றில் வந்தவன்தான். அவனை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணிக்கொண்டிருப்பது, தலைவனை விட்டுவிட்டுத் தொண்டர்களைக் கணக்கெடுப்பதற்கு ஒப்பாகும். நூலில் இன்னோர் உவமை இருக்கிறது: கூட்டி வெளியே தள்ள வேண்டிய குப்பையை யாரும் ஆராய்ந்து பார்ப்பதில்லை. எண்ணங்களை வகைப்படுத்துவதிலும், அவற்றின் வரவு செலவைப் பதிவு செய்வதிலும் ரமணருக்கு ஆர்வமே இல்லை. 'சாட்சி' என்ற சொல் வேதாந்தத்தில் பழையது, மதிப்புக்குரியது. அங்கே அது செயலற்ற ஒளியைக் குறிப்பது. விலகி நின்று வேடிக்கை பார்க்கும் ஒரு மனப்பான்மையை அன்று.

இதில் நடைமுறைக் கவலையும் ஒன்று உண்டு. தன்னிலிருந்து தானே விலகி, தன் உடலையும் பேச்சையும் வெளியிலிருந்து பார்ப்பதுபோன்ற உணர்வு நீங்காமல் நிற்பதை மனநல மருத்துவம் டீபெர்சனலைசேஷன் என்று பெயரிட்டு ஒரு கோளாறாக வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு ஆளானவர்கள் அதை விடுதலையாக உணர்வதில்லை, மரத்துப்போனதாக உணர்கிறார்கள். ஏற்கெனவே வலியிலிருந்து ஒதுங்கப் பழகிவிட்ட ஒருவரிடம், நீ உன் எண்ணங்கள் அல்ல, விலகி நின்று பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது இரக்கமில்லாத செயல். விலகலைக் கூட்டுவது வேறு, விலகி நிற்பவனைத் தேடுவது வேறு. ரமணர் காட்டும் திசையில் தூரம் குறைகிறது. 'உள்ளது நாற்பது' இருபத்தெட்டாம் பாட்டின் உவமை, நீரில் விழுந்த பொருளை எடுக்க மூச்சடக்கி மூழ்குகிறவனைப் பற்றியது. கரையில் நின்று எட்டிப் பார்ப்பவன் அந்த உவமையில் இல்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, தேடினால் கிடைக்காது என்பது. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739இல் வெளியிடத் தொடங்கிய தம் பெருநூலில், தமக்குள் எவ்வளவு நுழைந்து பார்த்தாலும் சூடு, குளிர், இன்பம், துன்பம் போன்ற ஏதோ ஒரு தனி உணர்வில்தான் தாம் இடறுவதாகவும், 'நான்' என்ற ஒன்று தனியாக அகப்பட்டதே இல்லை என்றும் வாதிட்டார். பௌத்தம் அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆளை ஐந்து கந்தங்களாக, அதாவது கூறுகளாக, பகுத்து, அவற்றில் எதுவும் ஆன்மா அன்று என்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானியச் சிந்தனையாளர் லிக்டன்பர்க், 'நான் நினைக்கிறேன்' என்பதற்குப் பதில், மின்னுகிறது என்று சொல்வதுபோல 'நினைவு நிகழ்கிறது' என்று சொன்னால் போதும் என்றார். இவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி, கிடைக்கவில்லை என்று அறிந்தவன் ஒருவன் இருக்கிறானே என்பது. இதைத் தமிழில் மிகச் செறிவாகச் சொன்னவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார். 'சிவஞானபோத'த்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்கு அடுக்கும் காரணங்களில் முதலாவது இதுதான்: ஒவ்வொன்றாக எடுத்து இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு போகிறதே ஒன்று, அது இல்லாமல் போகாது. எல்லாம் சூனியம் என்பாரை நோக்கி எழுந்த வாதம் அது. பிள்ளையின் பட்டியலுக்கும் உண்மையான உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இந்த மறுமொழி எவ்வளவு தூரம் போகும் என்பதில் நேர்மை வேண்டும். இல்லை என்று சொல்வது ஏதோ ஒன்று என்பதை அது நிறுவுகிறது. அது நிலையானது, ஒன்றேயானது, எண்ணத்தைச் சாராதது என்பவற்றை நிறுவவில்லை. ஹியூம் வேண்டுமானால், சொல்வதும் அந்த ஓட்டத்தில் ஓர் அலைதான் என்று பதில் தரலாம். ரமணரின் வலு இந்த வாதத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் ஹியூமோடு வியப்பூட்டும் தூரம் சேர்ந்து நடக்கிறார். தேடினால் 'நான்' கிடைக்காது என்பதை அவர் மறுக்கவே இல்லை. கிடைக்காது என்பதற்காகத்தான் தேடச் சொல்கிறார். எழுந்து நிற்கும் அகந்தையைத் தேடிப்போனால் அது ஓடிவிடும் என்பது அவருடைய நூல்களின் நிலையான கருத்து. நான் என்னை அறிந்தேன், நான் என்னை அறியவில்லை என்ற இரண்டு பேச்சுமே நகைப்புக்கிடம் என்று 'உள்ளது நாற்பது' முப்பத்துமூன்றாம் பாட்டு சொல்வதும் இதனால்தான்: அறியப்படும் பொருளாகத் தன்னை ஆக்கிக்கொள்ள ஒருவருக்குள் இரண்டு தான்கள் இருக்கின்றனவா? இருவரும் பிரியும் இடம், கிடைக்கவில்லை என்பதற்குப் பிறகு வருவது. ஹியூம் தேடலிலிருந்து எழுந்து, நண்பர்களோடு உண்ணவும் பேக்கமன் ஆடவும் போனார். ரமணர், கிடைக்காமல் போன அந்த இடத்திலேயே இருக்கச் சொல்கிறார். அங்கே இருப்பது வெறுமையா, நிறைவா என்பது வாதத்தால் முடிவாகும் விஷயமன்று.

இரண்டாவது எதிர்வாதம் மூளையியலிலிருந்து வருவது. குறிப்பிட்ட வேலை எதிலும் ஈடுபடாமல் ஓய்ந்திருக்கும்போது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதை 2001இல் மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய சகாக்களும் விவரித்தார்கள். 'டிஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்று பெயர் பெற்ற அந்த வலையம், தன்னைப் பற்றிய எண்ணங்களோடும் மனம் அலைவதோடும் நெருங்கிய தொடர்புடையதாகப் பின்னர் தெரியவந்தது. மனம் அலைவதும் சிறு விஷயமன்று. 2010இல் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியே வெவ்வேறு நேரங்களில் விசாரித்தபோது, பதிவான தருணங்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் மனம் செய்யும் வேலையில் இல்லாமல் வேறெங்கோ இருந்தது. நீண்ட காலத் தியானப் பயிற்சி உள்ளவர்களிடம் அந்த வலையத்தின் முக்கியப் பகுதிகளில் இயக்கம் குறைந்திருந்ததை 2011இல் ஜட்சன் புரூவர் குழுவினர் கண்டார்கள். இதிலிருந்து சிலர், பார்த்தீர்களா, 'நான்' என்பது மூளை கட்டிய கதை என்கிறார்கள். வேறு சிலர், பார்த்தீர்களா, ரிஷிகள் சொன்னதை விஞ்ஞானம் நிறுவிவிட்டது என்கிறார்கள். இரண்டு முடிவும் அவசரமானவை. கட்டப்பட்ட 'நான்' கட்டப்பட்டதே என்பதில் 'நான் யார்?' நூலுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, அதன் தொடக்கமே அதுதான். கருவியில் பதிவாவது அந்தக் கட்டுமானத்தின் ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கம் எதில் விளங்குகிறதோ அதைப் பற்றி அந்தப் படம் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. தத்துவஞானி தாமஸ் மெட்சிங்கர் 2003இல் வெளியிட்ட நூலில், 'நான்' என்பது மூளை தனக்காகச் செய்துகொண்ட மாதிரி, அப்படி யாரும் ஒருபோதும் இருந்ததில்லை என்று வாதிட்டார். அவரே பின்னாளில், எண்ணமோ தன்னுருவோ இல்லாத வெறும் உணர்வு நிலைகளைப் பற்றித் தியானம் செய்வோரின் விவரிப்புகளைத் திரட்டி ஆராயத் தொடங்கினார். கேள்வி முடிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே போதும். ரமணரின் முழுக் கூற்றை, அதாவது அந்த அறிவு உடல் அழிந்தாலும் அழியாதது என்பதை, எந்தச் சோதனைக்கூடமும் நிறுவவில்லை. அதை நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்பவர்கள் ரமணருக்கும் நன்மை செய்யவில்லை.

ஆழ்ந்த உறக்கத்தைக் கொண்டு செய்யப்படும் வாதத்தைப் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். உறக்கத்தில் எண்ணமில்லை, உலகமில்லை; விழித்ததும் சுகமாக உறங்கினேன், ஒன்றும் தெரியவில்லை என்கிறோம்; ஆகவே ஒன்றும் தெரியாமையை அறிந்த நான் அங்கே இருந்தேன் என்பது அத்வைதிகளின் நெடுங்கால வாதம். நியாய மரபினர் அன்றே இதை மறுத்தார்கள். விழித்தபின் நினைவு ஏதும் இல்லாததைக் கொண்டு நாம் ஊகிக்கிறோமே தவிர, உறக்கத்தை நினைவுகூரவில்லை என்றார்கள். இந்த மறுப்பு வலுவானது, வாதத்தால் மட்டும் இதைத் தாண்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கனவற்ற உறக்கத்தில் உணர்வு முற்றாக மறைகிறதா என்ற கேள்வியை ஜெனிஃபர் விண்ட், டோரே நீல்சன், இவான் தாம்சன் மூவரும் 2016இல் மீண்டும் எழுப்பி, அந்த நிலை ஒரே படித்தானதன்று என்று காட்டியிருக்கிறார்கள். அது கதவைச் சற்றுத் திறந்துவைக்கிறது, அவ்வளவுதான். ரமணர் உறக்கத்தை எடுத்துக்காட்டுவதில் வேறொரு பயன் இருக்கிறது. எண்ணம் நின்றால் நான் அழிந்துபோவேன் என்ற அச்சமே விசாரத்துக்குப் பெருந்தடை. நாள்தோறும் எண்ணம் நிற்கிறது, நாள்தோறும் அதை விரும்பித்தான் படுக்கைக்குப் போகிறோம் என்று நினைவூட்டுவது அந்த அச்சத்தைத் தளர்த்துகிறது. அதே சமயம், எண்ணம் நிற்பதுதான் இலக்கு என்று எண்ணிவிடாதபடி 1927இல் எழுதிய 'உபதேச உந்தியா'ரில், அடங்கிக் கிடக்கும் மனம் மீண்டும் எழும், அழிந்த மனம் எழாது என்று லயத்தையும் நாசத்தையும் பிரித்துவைத்தார். உறக்கமும் மூச்சடக்கமும் முதல் வகையில்தான் சேரும்.

இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான எதிர்வாதம் வெளியிலிருந்து வரவில்லை, தமிழ்ச் சைவத்துக்குள்ளிருந்தே வந்தது. மெய்கண்டாரின் அதே மூன்றாம் சூத்திரம், உயிர் உண்டு என்பதற்கான காரணங்களை இன்னொன்றோடு முடிக்கிறது: உணர்த்த உணர்வது உயிர். அது அறிவுடையதுதான், ஆனால் தானாக அறிவதில்லை, அறிவித்தால் அறிகிறது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு என்றாலும் ஒளி காட்டினால்தான் காண்கிறது. ஆகவே உயிரே பரம்பொருள் என்பார்க்கு இந்தக் காரணம் மறுப்பாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 'சிவஞானபோத'த்துக்குத் தாம் எழுதிய மாபாடிய உரையில் இதை விரிவாக வளர்த்தெடுத்தார். ரமணரிடம் இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். உண்மைத் தன்மை தானே ஒளிரும் அறிவு என்றால், 'நான் யார்?' என்று ஒரு நூல் எதற்கு? சிவப்பிரகாசம் பிள்ளை மலையேறி வந்து கேட்க வேண்டிய தேவை என்ன? சூரியனுக்கு விளக்குக் காட்டுவார் உண்டோ?

அத்வைதத்தின் வழக்கமான பதில், உபதேசம் புதிதாக எதையும் தருவதில்லை, மறைப்பை நீக்குகிறது என்பது. சைவ சித்தாந்தி விடமாட்டார். மறைப்பு வந்தது எப்படி, அறிவே உருவானதை எது மறைக்கும், மறைக்கும் ஆணவம் மெய்யான ஒன்று என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்பார். இந்த இடத்தில் 'சிவஞானபோத'த்தின் எட்டாம் சூத்திரத்தின் உவமை நினைவுக்கு வருகிறது. வேடர்களிடையே வளர்ந்து தன் குலத்தை மறந்த அரசகுமாரனிடம் ஒருவர் வந்து, நீ இன்னான் என்று சொல்கிறார்; ஐம்புலன்களாகிய வேடர்களை விட்டு அவன் மீள்கிறான். குரு வந்து உணர்த்துவதற்காகச் சொன்ன உவமை இது. அவன் அரசகுமாரன் ஆக்கப்படவில்லை, முன்பே அவன் அதுதான் என்ற அளவில் ரமணருக்கு இது முழுக்கப் பொருந்துகிறது. அதற்குமேல் பொருந்தவில்லை. மீண்டுவந்த குமாரன் அரசன் ஆகிவிடுவதில்லை, தந்தையின் திருவடியைச் சேர்கிறான். இந்த எஞ்சிய இடைவெளி எண்ணூறு ஆண்டுகளாக அடைபடவில்லை. அதை இந்தக் கட்டுரை அடைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ரமணர் இந்த எதிர்வாதத்தை அறியாமல் கடந்து போனவர் என்று கொள்வது தவறு. 'நான் யார்?' நூலிலேயே, கடவுளும் குருவும் வழி காட்டுவார்களே தவிர, தாமாகவே எடுத்துச் சேர்த்துவிட மாட்டார்கள் என்று ஓரிடத்தில் சொல்கிறார். அருகிலேயே, புலியின் வாயில் அகப்பட்ட இரை தப்பாததுபோல, குருவருளில் அகப்பட்டவரும் கைவிடப்பட மாட்டார் என்கிறார். முயல்வது நீ என்ற பேச்சும், பிடித்தது அருள் என்ற பேச்சும் ஒரே மூச்சில் வருகின்றன. இவற்றைப் பொருத்திவைக்க அவர் எந்த வாதமும் செய்யவில்லை. இந்த நூலின் குறிப்புகள் பிள்ளையிடம் அச்சேறாமல் இருந்த காலத்தில், விரூபாட்ச குகையிலிருந்து திருவண்ணாமலை ஊருக்குள் பிச்சைக்குப் போகும் அடியார்கள் தெருவில் பாடுவதற்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அவர் இயற்றித் தந்தது 'அருணாசல அட்சரமணமாலை', நூற்றெட்டுக் கண்ணிகள். தன்மையை ஆராய்ந்தால் முன்னிலை ஓய்ந்துவிடும் என்று பின்னாளில் எழுதப்போகும் அதே கை, இங்கே கண்ணிதோறும் மலையை முன்னிலையில் விளித்து, மணமகளின் குரலில் கெஞ்சுகிறது, ஊடுகிறது, உரிமையோடு கேட்கிறது. அகந்தையை வேரறுப்பவன் தேடுகிறவன் அல்லன், அருணாசலம்தான் என்று அதன் முதற்கண்ணியிலேயே தொடங்கிவிடுகிறார். திருவோடு ஏந்தி வந்தவர்கள் அதைப் பாடக் கேட்டு, வீட்டுக்காரர்கள் சோறு போட்டார்கள்.